கால் முந்திப் பிறந்த ஆண்டாயி

ஆண்டாயி எனக்கு ஓரகத்தி, அதாவது என் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. அவளைப் பற்றி நல்லதாக எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. கெட்டதாக எழுதினால் ஊர் என்னைச் சும்மா விடாது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊரில் எல்லாப் பிள்ளைகளும் தலையைக் காட்டித்தான் வெளியே வருகின்றன. ஆண்டாயி மட்டும் காலை நீட்டிக்கொண்டு வந்தவள். கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் ஓடிப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவளுடைய ஊர் திருமழபாடிக்குப் பக்கம். அங்கே அவள் நடக்கப் பழகுவதற்கு முன்பே மிதிக்கப் பழகிவிட்டாளாம். கொள்ளிடத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள் கூட, அக்குளில் கை கொடுத்து அவளைத் தூக்கி, பிடித்துக்கொண்ட முதுகில் நிறுத்திவிட்டுப் போவார்களாம். குழந்தை அங்கேயே மூத்திரம் போனாலும் மருந்தென்று விட்டுவிடுவார்களாம்.

கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும் இந்தப் புகழும்தான். எங்கள் ஊர் கீழப்பழுவூருக்குக் கிழக்கே இருக்கிறது. அதில் எங்களுடையது கீழத்தெரு. அடுத்தவர் வயலில் நடவு நட்டு, களை பறித்துப் பிழைக்கிற தெரு. மேலத்தெருவுக்குப் போனால் எங்களுக்கு வாசலோடு சரி. கூலியும் வாசலில், கஞ்சியும் வாசலில்.

ஆண்டாயிக்கு மட்டும் வேறு சட்டம். மேலத்தெருவில் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால், "உள்ள வா ஆண்டாயி, பாத்து வா, நெலவாசப்படி தட்டும்" என்று கூடத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அவள் இடது காலை ஊன்றி, வலது காலால் மூன்று தரம் மிதித்து, "போ, போ, போ" என்பாள். பிடிப்பு போய்விடும். போகாவிட்டாலும், போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் இன்னொரு தரம் மிதிப்பாளே.

இதற்குக் கூலி வாங்கக் கூடாது, வாங்கினால் காலின் ராசி போய்விடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்திருக்கிறான். அவனுக்குத்தான் முதலில் முதுகு பிடித்திருக்கும். ஆக ஊரே அவள் காலடியில் கிடந்தும், அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது வெற்றிலை பாக்கு மட்டும்தான். அதோடு பெருமையும் கொண்டுவருவாள். "போலீசு ஏட்டை மிதிச்சிருக்கேன். பஸ் கண்டக்டரை மிதிச்சிருக்கேன். கணக்கப்பிள்ளையை மூணு வாட்டி மிதிச்சிருக்கேன். பஞ்சாயத்துத் தலைவருதான் பாக்கி. அவருக்கும் ஒரு நாளைக்குப் பிடிக்காமலா போயிடும்?" என்று காத்துக்கொண்டிருந்தாள்.

நான் மலர்க்கொடி. எட்டாவது வரை படித்தவள். இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தபோது ஆண்டாயி ஒருத்திதான் ஊருக்குச் சுளுக்கு டாக்டர். எனக்கு முதல் பிரசவத்திலேயே இரட்டைப் பிள்ளை பிறந்தது. அத்தோடு வந்தது வினை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் எண்ணெய் போட்டு உருவினாலும் சுளுக்கு போகும் என்று இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தலை நிற்பதற்குள் என் வாசலிலும் ஆள் வந்து நின்றது. மிதிபடப் பயந்தவர்கள், கர்ப்பிணிகள், குப்புறப் படுத்து மிதிபடக் கூச்சப்பட்டவர்கள் எல்லாரும் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

ஒரே கூரை, நடுவில் ஒரு மண்சுவர். அந்தப் பக்கம் மிதி, இந்தப் பக்கம் உருவல். "உருவுறதெல்லாம் மாவு பெசையத்தான் லாயக்கு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். "மிதிக்கிறது களிமண்ணு குழைக்கத்தான் லாயக்கு" என்று நான் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்வேன். இப்படியே எட்டு வருஷம் ஓடியது. நேருக்கு நேர் பேசியது கம்மி. சுவரோடு பேசியதுதான் அதிகம்.

எண்பத்திரண்டில் சத்துணவுத் திட்டம் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடப்போவதாகவும், சமைக்க ஒரு பெண் ஆள் வேண்டுமென்றும் தண்டோரா போட்டார்கள். முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தவள் ஆண்டாயி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏங்க்கா, சோத்தையும் மிதிச்சா வடிப்பீங்க?" என்று சுவரைக் கேட்டேன்.

அன்றைக்குச் சுவர் சண்டைக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே என் வாசலுக்கு வந்து நின்றாள். "மலரு, இத்தனை வருசமா ஊருக்கெல்லாம் ஒழைச்சிருக்கேன். ஆண்டாயிக்கு இன்ன சம்பளம்னு எவனாச்சும் சொல்லியிருக்கானா? இது கெடைச்சா என் பேருக்கு மாசாமாசம் வரும். அடுத்தவன் வயல்ல குனிஞ்சு கெடக்க வேணாம். சாயங்காலம் இடுப்பை நிமித்திக்கிட்டு வூட்டுக்கு வரலாம்" என்றாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷனுக்கு, அதாவது என் மச்சாண்டாருக்கு, உடம்பு சுகமில்லை. எனக்கு அதற்கு மேல் கேலி செய்ய வாய் வரவில்லை. யூனியன் ஆபீசர் நேரில் வந்து ஆளைப் பார்த்துத்தான் எடுப்பார் என்று தேதியும் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேலத்தெரு வேணுகோபாலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நிலம் நீச்சு உள்ளவர். பஞ்சாயத்தில் அவர் பேச்சு எடுபடும். ஆளும் எடையானவர், குரலும் எடையானது. மூட்டை மாதிரி பாயில் கிடந்தார். ஆண்டாயி போய் இடது காலை அவருடைய இடுப்பில் ஊன்றி, வலது காலைத் தோள்பட்டைக்குத் தூக்கியிருக்கிறாள். ஆள் கனம் அப்படி, தரையில் நின்று மிதித்தால் அவருக்கு உறைக்காது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அவர் பேசியிருக்கிறார்.

"என்னமோ சத்துணவுக்குப் பேரு குடுத்திருக்கியாமே ஆண்டாயி?"

"ஆமாங்கய்யா."

"நமக்கெதுக்கு அந்த வம்பு? நீ ஆக்குற சோத்தை எங்க தெருப் புள்ளைங்க திங்காது, பாத்துக்க. ஆபீசர் வரட்டும், நானே சொல்லுவேன். ம், இன்னும் கொஞ்சம் மேல மிதி."

யோசித்துப் பாருங்கள். அவள் காலுக்கு அடியில் முகத்தைப் பாயில் வைத்துக்கொண்டு சொல்கிறார், அவள் கை ஆகாது என்று. ஆண்டாயிக்கு ஆத்திரம் வந்தது. மேலே மிதிக்கச் சொன்ன இடத்தில் அவர் கேட்டதற்கு மேலேயே மிதித்துவிட்டாள். அவர் "அய்யோ" என்று புரண்டார். மேலே நின்றவள் சரிந்து விழுந்தாள். ஊன்றிய இடது கால் உள்பக்கமாக மடங்கிப் பிசகிக்கொண்டது.

வேணுகோபால் சுவரைப் பார்த்துப் புரண்டதால் அவள் விழுந்ததைக் கவனிக்கவில்லை. "அடடா, விட்டுருச்சு ஆண்டாயி, சுத்தமா விட்டுருச்சு!" என்று முதுகைத் தடவிக்கொண்டார். இவள் எழுந்து, வெற்றிலையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தத் தெரு முழுக்க நிமிர்ந்து நடந்து வந்திருக்கிறாள். தெரு திரும்பியதும் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விறகு எடுக்கப் போன நான்தான் பார்த்தேன். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். அதைவிட வாயில் வந்த வசவு அதிகம். வேணுகோபாலின் ஏழு தலைமுறையும் அந்த மரத்தடியில் கரை ஏறிவிட்டது.

தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "யாருகிட்டயும் சொல்லாத மலரு. நொண்டின்னு தெரிஞ்சா அந்த ஆளு அதையே புடிச்சுக்குவான்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது பாருங்கள் சங்கடத்தை. ஊருக்கெல்லாம் சுளுக்கு எடுத்தவளுக்குச் சுளுக்கு. எடுக்க அவளே வேண்டும். முதலில் தன் வலது காலால் தன் இடது காலையே மிதித்துப் பார்த்தாள். "போ, போ" என்றாள், மூன்றாவது "போ" வரவில்லை, "அம்மாடி" என்றுதான் வந்தது. கால் முந்திப் பிறந்த வேறு யாராவது உண்டா என்று யோசித்தோம். எங்கள் தெருப் பாவாடையின் பெண் குழந்தை அப்படிப் பிறந்ததுதான், ஆனால் இன்னும் பல்லே முளைக்கவில்லை. விளையாட்டுக் காட்டுகிற மாதிரி அதைத் தூக்கிவந்து, அதன் பிஞ்சுப் பாதத்தை எடுத்து ஆண்டாயியின் கணுக்காலில் மூன்று தரம் தட்டினேன். குழந்தை சிரித்தது. பிறகு அவள் காலை நனைத்துவிட்டது. "மருந்துதான்" என்றாள் ஆண்டாயி, நம்பிக்கையோடு.

மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தது. அப்போதுதான் அவள் சுவரைப் பார்த்து, "அந்த உருவலைத்தான் கொஞ்சம் போட்டுப் பாக்கலாமா" என்று சொன்னாள். எட்டு வருஷத்துப் பகை இறங்கி வந்து என் காலடியில் உட்கார்ந்த மாதிரி எனக்கு உள்ளே ஒரே குளிர்ச்சி. விளக்கெண்ணெயைச் சூடு காட்டி, இரட்டைப் பிள்ளை பெற்ற கையால், என் முழுத் திறமையையும் காட்டி உருவினேன். அவள் அலறாமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் கணுக்கால் பூரி மாதிரி உப்பி, நீலம் பாய்ந்து, எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிதியும் தோற்றது, உருவலும் தோற்றது.

வேறு வழியில்லாமல் நர்ஸ் சாகிராவைக் கூட்டிவந்தேன். லெப்பைக்குடிக்காட்டுப் பெண். பக்கத்து ஊர் சப் சென்டரில் வேலை. தடுப்பூசிப் பையோடு எங்கள் தெருவுக்கு வந்துபோகிறவள், ரகசியம் காப்பவள், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

காலைப் பார்த்ததும், "யா அல்லாஹ்! இதை யாரு மிதிச்சது?" என்றாள்.

"நான்தான்" என்றாள் ஆண்டாயி.

"உருவுனது யாரு?"

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

"வாங்க, இங்க வாங்க மலரக்கா! உள்ள நரம்பு இழுபட்டுப் புண்ணா இருக்குது. அதைப் போயி சூடு காட்டி உருவினா வீங்காம என்ன செய்யும்? ரெண்டு மூணு நாளைக்குச் சூடும் வேணாம், எண்ணெயும் வேணாம், உருவலும் வேணாம், மிதியும் வேணாம். பானைத் தண்ணியில துணியை நனைச்சுப் போடுங்க. படுக்கும்போது காலுக்குக் கீழ தலகாணி வச்சு ஒசத்திப் போடுங்க" என்று ஒரே மூச்சில் திட்டி முடித்தாள். பிறகு காலை மெதுவாக ஊன்றச் சொல்லிப் பார்த்தாள், கணுக்கால் எலும்பை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "ஊணவே முடியலைன்னாலோ, எலும்பை அமுக்கும்போது உசுரு போற மாதிரி வலிச்சாலோ அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயி எக்ஸ்ரே எடுக்கணும். ஒங்களுக்கு எலும்புக்கு ஒண்ணுமில்லை. கட்டுப் போட்டாச் சரியாயிடும்" என்றாள்.

பையிலிருந்து ஒரு சுருள் துணியை எடுத்தாள். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. துபாயில் இருக்கும் அவள் அண்ணன் நஜீமுதீன் வாங்கி வந்ததாம். "ஒண்ணுதான் இருக்கு. தொவைச்சு எனக்குத் திருப்பித் தரணும். மலரக்கா, பாத்துக் கத்துக்கங்க, தெனமும் நீங்கதான் கட்டணும்" என்றாள்.

நான் அவள் காலைப் பிடிப்பதா என்று எனக்கு ஒரு நொடி ரோஷம் வந்தது. கூடவே அந்த நீலம் பாய்ந்த வீக்கம் கண்ணில் பட்டது. அதில் பாதி என் கைவேலை. உட்கார்ந்தேன்.

தரையில் நின்றால் பாதம் எப்படி இருக்குமோ அப்படி, விரல்கள் மேலே பார்க்க நேராக வைக்கச் சொன்னாள். கால்விரல்களுக்குப் பின்னால் ஆரம்பித்துப் பாதத்தை ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அங்கிருந்து புறங்காலில் குறுக்கே ஏற்றிக் கணுக்காலைச் சுற்றி, திரும்பக் குறுக்கே இறக்கிப் பாதத்துக்கு அடியில் கொண்டுவந்து, மறுபடியும் ஏற்றம். "எட்டுப் போடுற மாதிரி" என்றாள் சாகிரா.

"எட்டு எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள் ஆண்டாயி.

"ரெண்டு புள்ளி வச்சு ஒரே கம்பியா இழுத்துச் சுத்துவீங்கள்ல அக்கா, கோலத்துல. ஒரு புள்ளி ஒங்க பாதம், ஒரு புள்ளி ஒங்க கணுக்கால். அவ்வளவுதான்."

அப்படிச் சொன்னதும் என் கைக்கு வந்துவிட்டது. முந்திய சுற்றில் பாதியை மூடிக்கொண்டு அடுத்த சுற்று. குதிகாலை வெளியே விட்டு, கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை போய் முடிக்க வேண்டும். நான் பலமாக இழுத்துக் கட்டினேன். சாகிரா என் கையில் ஒன்று போட்டாள். "நெல்லு மூட்டையா கட்டுறீங்க? கட்டு காலைத் தாங்கணும், நெரிக்கக் கூடாது. வெரலை வெளியில விடுறதே பாக்கத்தான். வெரலு நீலமாச்சுன்னாலோ, சில்லுன்னு ஆச்சுன்னாலோ, மரத்துப்போச்சுன்னாலோ உடனே அவுத்துட்டுத் தளத்திக் கட்டணும். ராத்திரி அவுத்துடணும்."

அந்த வாரம் முழுக்கக் காலையில் முதல் வேலை எனக்கு ஆண்டாயியின் கால்தான். அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு கட்டுவேன். மடியில் கால் இருக்கும்போது சுவரோடு பேச முடியாது. ஆகையால் நேராகப் பேசிப் பழகினோம். அவளுக்கு நன்றாகப் பாடத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பிள்ளைகள் பிறந்த அன்று அவள் சுவருக்கு அந்தப் பக்கம் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கட்டு கொஞ்சம் இறுகிவிட்டது. "ஏண்டி கொல்ற" என்றாள்.

வீக்கம் வடிந்தது. மெதுவாக நடக்க வந்தது, கொஞ்சம் சாய்வோடு. வீட்டுக்குள்ளேயே நடக்கப் பழக்கினேன். "அவசரப்படாதீங்க்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி அடியெடுத்து வைங்க" என்றால், "எங்க கல்யாணத்துலயே நான் ஓடித்தான் வந்தேன்" என்பாள்.

அந்த நாள் வந்தது. கட்டைப் போட்டு, சேலையைப் பெருவிரல் மறையக் கட்டிவிட்டேன். வயலில் முழங்காலுக்குத் தூக்கிச் செருகியே பழகியவள் தெருவைக் கூட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்து, "ஆண்டாயி டவுனுக்காரியா ஆயிட்டா" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், சாய்வு தெரியாமல் இருந்தால் போதும் என்று நான் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெயர் கொடுத்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேணுகோபால் வெள்ளை வேட்டியோடு, வாசலுக்கு முன்னால் தயாராக நின்றார். ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார். பேன்ட், ஷூ, கையில் ஃபைல், நல்ல உயரமான ஆள். பார்வை வேணுகோபாலின் கும்பிடு மேல் இருந்ததால், ஆடு கட்டுகிற முளைக்குச்சியைப் பிடுங்கிய பள்ளம் காலடியில் இருந்ததைக் கவனிக்கவில்லை. கால் மடங்கியது. ஃபைல் ஒரு பக்கம், ஆபீசர் ஒரு பக்கம்.

எல்லாரும் ஓடினோம். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மனிதர் பல்லைக் கடிக்கிறார். அப்போது வேணுகோபால் என்ன சொன்னார் தெரியுமா?

"சார், கொஞ்சமும் பயப்படாதீங்க! நம்ம ஊர்ல கால் முந்திப் பொறந்தவ இருக்கா. ஒரே மிதி, பறந்துரும். போன வாரம் எனக்கே மிதிச்சா. ஏ ஆண்டாயி, வா வா! பாயை எடுங்கடா!"

"மிதியா?" என்று ஆபீசர் பின்னால் நகர்ந்தார்.

ஊரே ஆண்டாயியைப் பார்த்தது. மிதிக்க வேண்டுமானால் பிசகிய இடது காலில் முழு எடையையும் போட்டு நிற்க வேண்டும். அவள் ஆளே சரிந்துவிடுவாள். அது போகட்டும், புதுச் சுளுக்கை மிதித்தால் என்னவாகும் என்று இப்போது எங்கள் இருவருக்கும் தெரியும். மிதிக்காவிட்டாலோ, ஆபீசருக்கு முன்னால் பேர் போகும். அவள் நல்ல பேரை நம்பித்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறாள்.

ஆண்டாயி மெதுவாக நடந்து வந்தாள். ஆபீசரின் காலைக் குனிந்து பார்த்தாள். "மிதிக்கக் கூடாதுங்க சார். மிதிச்சா வீங்கிடும். கட்டுத்தான் போடணும். மலரு, நீ கட்டு" என்றாள்.

"எதால கட்டுறது?" என்றேன் நான். சொன்ன பிறகுதான் புரிந்தது. ஊரில் இருந்த ஒரே கட்டுத்துணி எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நான் வேண்டாமென்று தலையாட்டினேன்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். சுற்றுச் சுற்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள். இன்னும் முழுசாக வடியாத வீக்கம் வெளியே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. மாசச் சம்பளமும் நிமிர்ந்த இடுப்பும் அந்தத் துணியோடு சேர்ந்து அவிழ்கிற மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா சார்!" என்று வேணுகோபால் குதித்தார். "காலு போனவ! இத்தனை நாளா மறைச்சிருக்கா பாருங்க. இவ எப்படி அண்டாவைத் தூக்குவா? அது மட்டுமில்ல சார், இவ ஆக்குற சோத்தை எங்க தெருப் புள்ளைங்க தொடாது. அதைச் சொல்லத்தான் நான் வந்ததே."

நான் அதற்குள் ஆபீசரின் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டேன். எலும்பை அமுக்கிப் பார்த்தேன், ஊன்றச் சொல்லிப் பார்த்தேன், ஊன்றினார். கட்ட ஆரம்பித்தேன். கை ஒரு பக்கம் கட்டுகிறது, வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஏனுங்கய்யா, அவ காலு மட்டும் ஒங்க முதுகுக்கு ஆகுது. அவ கை ஒங்க வூட்டுப் புள்ள வாயிக்கு ஆகாதுங்களா? இந்தக் காலு எங்க பெசகுச்சுன்னு கேளுங்க சார். ஐயா முதுகு மேல ஏறி நிக்கும்போதுதான் பெசகுச்சு. ஐயா புரண்டாரு, அவ விழுந்தா. அப்பயும் எங்க தெருப் புள்ளைங்க திங்காதுன்னுதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு, பாயில மூஞ்சியை வச்சுக்கிட்டு!"

ஊர் சிரித்தது. மேலத்தெருக்காரர்களும் சிரித்தார்கள். அதுதான் வேணுகோபாலுக்குப் பொறுக்கவில்லை. "அது வைத்தியம்" என்றார்.

"முதுகு மேலயா நின்னாங்க?" என்று ஆபீசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டை முடித்ததும், ஜீப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார். நின்றார். ஒரு அடி வைத்தார். பிறகு வேணுகோபாலிடம் சொன்னார்:

"எனக்கும் இப்ப அதே கால்தாங்க. என்னையும் வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா? சுளுக்கு போயிடும். அண்டா தூக்குறது எங்கேயும் ரெண்டு ஆள் வேலை. அப்புறம், பசிக்கிற புள்ளை யாரு ஆக்குனதுன்னு கேட்டு நான் இன்னும் எந்த ஊர்லயும் பாக்கலை." ஆண்டாயி பக்கம் திரும்பி, "சமைக்கத் தெரியுமாம்மா?" என்றார்.

"எனக்கு அது ஒண்ணுதான் சார் ஒழுங்காத் தெரியும்" என்றாள் ஆண்டாயி. வாழ்நாளில் அவள் தன் மிதியைப் பற்றிப் பெருமை பேசாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஆபீசர் சாகிராவின் துணியோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சாகிரா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க அண்ணன் கடல் தாண்டிக் கொண்டாந்தது" என்று ஆரம்பிப்பாள். கடைசியில் வேலைக்கு உத்தரவு வந்த அன்று கூடவே ஒரு பொட்டலமும் வந்தது. துவைத்துச் சுருட்டி அனுப்பியிருந்தார், சுருட்டியதுதான் தலைகீழ்.

நான் கட்டிய கட்டு. என் கை. என் வாய். ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? "ஆண்டாயி மிதிக்கவே இல்லை. சேலையைத் தூக்கிக் காலைக் காட்டினா, ஆபீசரு சுளுக்கு ஓடியே போச்சு!" அரியலூர் சந்தை வரைக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அப்புறம் கால் சுளுக்கென்று வந்தவர்களையெல்லாம் ஆண்டாயி, "மிதி கெடையாது, உள்ள போங்க, மலரு கட்டுவா" என்று என்னிடம் அனுப்பினாள். அவர்கள் என்னிடம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, போகும்போது அவளிடம் போய், "பெருவெரலாலயாச்சும் ஒரு தட்டுத் தட்டுங்க, அப்பதான் கட்டு பிடிக்கும்" என்று நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. நடுச்சுவரை மட்டும் அந்த வருஷ மழையோடு இடித்துவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் சோறு ஆரம்பித்தது. மேலத்தெருப் பிள்ளைகள் முதலில் தள்ளியே நின்றார்கள். பருப்பும் காயும் போட்டுக் கலந்த சோற்றில் அவள் தாளித்துக் கொட்டிய வாசனை ஊரைச் சுற்றியது. வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெற்றவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். வேணுகோபாலின் பேரன் மட்டும் வரவில்லை.

கார்த்திகை மாதம் வேணுகோபாலுக்கு மறுபடியும் முதுகு பிடித்தது. ஆண்டாயியைக் கூட்டிவர ஆள் வந்தது. அவள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "எனக்கு வேலை நேரம். ஐயாவை இங்க வரச் சொல்லு" என்றாள்.

நாள் முழுக்கப் பொறுத்துப் பார்த்தார். மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, இரண்டாக மடிந்து, தடி ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டி கழுவ உதவிக்குப் போயிருந்த நான் கதவோரம் நின்றேன்.

ஆண்டாயி ஒரு தட்டைக் கழுவினாள். சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். "கையைக் கழுவிட்டு வாங்கய்யா. இது என் பங்கு, புள்ளைங்க பங்கில்லை. சாப்பிட்டீங்கன்னா மிதிக்கிறேன்."

"நான் சாப்பிட்டுட்டேன் ஆண்டாயி."

"அப்ப நான் மிதிச்சிட்டேன்" என்று அவள் பாத்திரத்தை எடுக்கப் போனாள்.

வேணுகோபால் வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று எதிர்பார்த்தார். நான் திருப்பவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்தார். பிறகு இன்னொரு வாய். தட்டு காலியானது. ஆண்டாயி அவரைப் பாயில் படுக்கவைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று தரம் மிதித்தாள். இந்தத் தரம் மெதுவாக.

மறுநாள் மத்தியானமும் வந்தார். கூடவே பேரனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "இன்னும் கொஞ்சம் பிடிப்பு இருக்கிற மாதிரிதான் இருக்கு ஆண்டாயி" என்று சொல்லிவிட்டு, அவள் சொல்லாமலே போய்க் கையைக் கழுவினார். முதுகு நேராகத்தான் இருந்தது.